மரத்தால் கட்டிய கார்கள்: ‘உட்டி’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்கச் சாலைகளில் ஓடிய மரக் கார்களைப் பற்றி நான் பேச ஆரம்பித்தாலே நண்பர்கள் சில கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவற்றுக்கு இங்கே நிதானமாகப் பதில் எழுதியிருக்கிறேன். என் அப்பா தச்சு வேலை பார்த்தவர். அதனாலோ என்னவோ, பழைய கார் எதைப் பார்த்தாலும் இன்ஜினுக்கு முன்னால் கதவு மூலையில் இரண்டு கட்டைகள் சேரும் இடத்துக்குத்தான் என் கண் போகும். இந்தப் பதில்களும் அந்தக் கண்ணோடு எழுதியவைதான்.

உட்டி என்றால் என்ன?

உடம்பின் பின்பாதி மரத்தால் ஆன கார். மரத்துக்கான ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த செல்லப்பெயர் அது. பானட், மட்கார்டு, கிரில், முன்கண்ணாடிச் சட்டம் எல்லாம் வழக்கம்போல இரும்பு. அதற்குப் பின்னால் கதவுகள், பக்கச் சுவர்கள், பின்கதவு ஆகியவை மரம். நம் வீட்டுப் பழைய வாசற்கதவை நினைத்துக்கொள்ளுங்கள்: சுற்றிலும் கனமான சட்டம், நடுவில் மெல்லிய பலகை. உட்டியின் கதவும் அதே அமைப்புதான். சட்டம் வெளிர் மஞ்சளாக இருக்கும், பலகை சிவந்த பழுப்பாக இருக்கும். அந்த இரு நிறச் சேர்க்கையை ஒருமுறை பார்த்தால் மறக்காது.

இரும்பு இருக்கும்போது ஏன் மரத்தில் செய்தார்கள்?

இதற்கு ரயில் நிலையத்திலிருந்து தொடங்க வேண்டும். 1910களில், 1920களில் அமெரிக்காவில் ரயிலில் வந்து இறங்கும் பயணிகளையும் அவர்களுடைய பெட்டி படுக்கைகளையும் விடுதிக்கு ஏற்றிச் செல்ல ஒரு வண்டி தேவைப்பட்டது. ‘ஸ்டேஷன் வேகன்’ என்ற பெயரே அங்கிருந்து வந்ததுதான். விடுதிக்காரர் ஒரு ஃபோர்டு மாடல் டி காரின் சேசிஸை, அதாவது இன்ஜினும் சக்கரமும் உள்ள அடிச்சட்டத்தை மட்டும் வாங்கி, ஊரில் குதிரை வண்டி கட்டும் தச்சரிடம் கொண்டுபோய் விடுவார். அவர் நாலு தூண் நிறுத்தி, கூரை போட்டு, பெஞ்சு வைத்துக் கொடுப்பார்.

நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வெறும் சேசிஸ் ஊருக்குள் வருவதும், பட்டறையில் பாடி கட்டிக்கொண்டு லாரியாக வெளியே போவதும் அவர்கள் அன்றாடம் பார்க்கிற காட்சி.

1929இல் ஃபோர்டு தானே மாடல் ஏ காரில் ஸ்டேஷன் வேகனைப் பெரிய அளவில் விற்க ஆரம்பித்தது. அப்போதும் பாடி மரம்தான். காரணம் கணக்கு. இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்க ராட்சத அச்சுகள் வேண்டும்; ஓர் அச்சின் செலவை எடுக்க ஆயிரக்கணக்கில் வண்டி விற்றாக வேண்டும். ஸ்டேஷன் வேகன் அவ்வளவு விற்கவில்லை. மரத்துக்கு அச்சு தேவையில்லை. ரம்பமும் உளியும் அளவு தெரிந்த கையும் போதும். குறைந்த எண்ணிக்கையில் செய்ய மரமே மலிவு.

ஆனால் வாங்குபவருக்கு அது மலிவாக இருக்கவில்லை. ஒவ்வொரு வண்டியிலும் இறங்கும் கைவேலை அவ்வளவு. 1940களில் ஃபோர்டு கார்களின் விலைப்பட்டியலில் ஸ்டேஷன் வேகன் உச்சியை ஒட்டியே இருந்தது. விடுதி வண்டியாகப் பிறந்தது, பண்ணை வீடு வைத்திருக்கும் பணக்காரர்களின் வண்டியாகிவிட்டது.

போருக்குப் பிறகுதானே இவை அதிகம் பேசப்படுகின்றன? ஏன்?

1942 பிப்ரவரியில் அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நின்றுபோனது. தொழிற்சாலைகள் எல்லாம் டாங்கியும் விமானமும் செய்யப் போய்விட்டன. 1945 ஜூலையில் ஃபோர்டு மீண்டும் கார் செய்ய ஆரம்பித்தபோது புது மாதிரி எதுவும் கையில் இல்லை. மூன்றரை ஆண்டுகளாக யாரும் புதிதாக வடிவமைக்கவில்லையே! எல்லா நிறுவனங்களும் 1942 காரை எடுத்து, கிரில்லை மாற்றி, 1946 மாடல் என்று விற்றன.

மக்கள் கையில் போர்க்காலச் சேமிப்பு இருந்தது, கடைக்கு வந்த கார் எதுவானாலும் விற்றது. ஆனாலும் ஷோரூமுக்குள் நுழைகிறவர் கண்ணை நிறுத்த ஒன்று வேண்டும். பழைய உடம்பின்மேல் மரம் இழைத்தால் போதும், கார் வேறு ஒன்றாகத் தெரிந்தது. அதோடு போர் முடிந்த முதல் ஆண்டுகளில் எஃகுத் தட்டுப்பாடும் இருந்தது. இப்படித்தான் ஸ்டேஷன் வேகனில் மட்டும் இருந்த மரம், கூரை மடக்கும் ஆடம்பரக் கார்களுக்கும் நாலு கதவு செடான்களுக்கும் ஏறியது.

ஃபோர்டு சொந்தமாகக் காடு வைத்திருந்ததாமே, உண்மையா?

உண்மை. இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த பகுதியும் இதுதான்.

மிச்சிகன் மாநிலத்தின் வடக்கே, ஏரிகளுக்கு நடுவே மேல் தீபகற்பம் என்று ஒரு நிலப்பரப்பு இருக்கிறது. அடர்ந்த மேப்பிள், பிர்ச் காடுகள். 1920 வாக்கில் ஹென்றி ஃபோர்டு அங்கே மூன்று லட்சம் ஏக்கருக்கும் மேல் வாங்கினார். அன்றைய காரின் இரும்புத் தோலுக்குள்ளும் மரச்சட்டம்தான் இருந்தது. அந்த மரத்துக்கு வெளியாரை நம்பியிருக்க அவருக்கு மனமில்லை. நிலம் வாங்க உதவியவர் எட்வர்ட் கிங்ஸ்ஃபோர்டு. ஹென்றி ஃபோர்டின் ஒன்றுவிட்ட சகோதரியைக் கட்டியவர். அயர்ன் மவுண்டன் என்ற ஊரை ஒட்டி மரம் அறுக்கும் ஆலை எழுந்தது. ஆலையைச் சுற்றி வளர்ந்த குடியிருப்புக்கு அவர் பெயரையே வைத்து கிங்ஸ்ஃபோர்டு என்றார்கள்.

அறுத்தது போக மிஞ்சும் துண்டும் துகளும் மலைபோலக் குவிந்தன. எதையும் வீணாக்காத மனிதர் ஹென்றி ஃபோர்டு. அந்தக் கழிவைக் கரியாக்கி, கட்டியாக அழுத்தி, ஃபோர்டு கார் விற்கும் கடைகளிலேயே அடுப்புக்கரியாக விற்றார். அமெரிக்கர்கள் இன்று வீட்டுத் தோட்டத்தில் இறைச்சி சுட வாங்கும் கிங்ஸ்ஃபோர்டு கரி அதன் வழிவந்ததுதான்.

1930களின் இறுதியில் ஸ்டேஷன் வேகன் பாடிகள் முழுக்க இந்த ஆலையிலேயே கட்டப்பட்டன. காட்டில் வெட்டிய மரம் ஒரு வாசல் வழியாக உள்ளே வந்து, அறுபட்டு, சூளையில் உலர்ந்து, இழைத்து, கோத்து, வார்னிஷ் பூசி, கார் உடம்பாக இன்னொரு வாசல் வழியாக ரயில் ஏறியது. பிறகு போர் வந்தது. அதே தச்சர்கள், அதே ஆலை, இப்போது இன்ஜின் இல்லாத கிளைடர் விமானம் செய்தார்கள். சிஜி-4ஏ என்று பெயர். இரும்புக் குழாய், ஒட்டுப்பலகை, துணி இவற்றால் ஆனது. படைவீரர்களை ஏற்றி, இன்னொரு விமானத்தின் பின்னால் கயிற்றில் இழுத்துக்கொண்டு போய், எதிரிப் பகுதியில் விடுவிப்பார்கள். அயர்ன் மவுண்டனில் மட்டும் 4,000க்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. அந்தக் கிளைடரை வேறு எந்த ஆலையும் இவ்வளவு எண்ணிக்கையில் செய்யவில்லை.

கிளைடர் கட்டிய கைகள் 1945இல் மறுபடியும் கார்க் கதவு கட்ட வந்தன. 1951இல் ஃபோர்டு அந்த ஆலையை விட்டு வெளியேறியது.

ஃபோர்டு ஸ்போர்ட்ஸ்மேன் என்பது எது?

1946 முதல் 1948 வரை வந்த, கூரை மடங்கும் இரண்டு கதவுக் கார். கதவு, பக்கம், டிக்கி எல்லாம் மரம். உள்ளே இரும்புக் கூடு உண்டு. அதன்மேல் மரத்தைப் பொருத்தினார்கள். மொத்தம் சுமார் 3,500 கார்கள்தான் செய்தார்கள். ஃபோர்டு நிறுவனத்தின் இன்னொரு பிராண்டான மெர்க்குரி பெயரிலும் 1946இல் இதே கார் வந்தது, சுமார் 200 மட்டுமே.

டிக்கிப் பக்கம் பாருங்கள். வளைந்த இரும்புக்குப் பழகிய வடிவத்தை மரத்தில் கொண்டுவர, தடித்த கட்டையைக் கடைந்தே வளைவு எடுத்திருக்கிறார்கள். ஒரு மூலைக்கட்டையில் வீணாகிப்போன மரத்தை நினைத்தாலே, காடு சொந்தமாக இருந்தவர்களால்தான் இப்படிச் செய்ய முடியும் என்று தோன்றும்.

எல்லோரும் க்ரைஸ்லர் டவுன் அண்ட் கன்ட்ரியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அதில் அப்படி என்ன?

அழகு. வேறு சொல் தேடத் தேவையில்லை.

முதலில் 1941இல் ஒரு ஸ்டேஷன் வேகனாக வந்தது. க்ரைஸ்லர் பிரிவின் தலைவர் டேவிட் வாலஸ் முன்நின்று கொண்டுவந்தது. அதுவரை மரவண்டிகளின் கூரை, மரப்பட்டைகளின் மேல் தார்ப்பாய் இழுத்துக் கட்டியதாக இருக்கும்; மழையில் ஒழுகும். வாலஸ் இரும்புக் கூரை வைத்தார். பின்பக்கம் பீப்பாய்போல உருண்டிருக்கும். நடுவில் பிளந்து இரண்டு பக்கமும் திறக்கும் கதவுகள். அந்த முதல் ஆண்டில் சுமார் 1,000தான் செய்தார்கள்.

போருக்குப் பிறகு வேகனைக் கைவிட்டுவிட்டு, அதே மரவேலையைச் செடானிலும் கூரை மடங்கும் காரிலும் செய்தார்கள். கூரை மடங்கும் கார் எட்டு சிலிண்டர். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே மட்டும் பத்தடிக்கு மேல். ஆஷ் மரச்சட்டம் கதவின் ஓரத்தில் தொடங்கி, பின்சக்கரத்தின் மேல் வளைந்து, டிக்கி மூடியில் போய்ச் சேரும். ஒரே கோடு, எங்கும் முறியாது. 1946க்கும் 1948க்கும் இடையில் இந்தக் கூரை மடங்கும் மாதிரி எட்டாயிரத்துக்குச் சற்று மேல் விற்றது. நிலையான இரும்புக் கூரை போட்ட இரண்டு கதவு மாதிரி ஒன்றும் முயன்றார்கள். ஏழு கார் செய்து பார்த்ததோடு நின்றுவிட்டது.

இதன் மர வேலை டெட்ராய்ட்டில் நடக்கவில்லை. தெற்கே ஆர்கன்சா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரை ஹெலினாவை ஒட்டிய பெக்கின் என்ற மர ஆலையில் சட்டங்களைச் செய்து ரயிலில் அனுப்பினார்கள்.

ஹாலிவுட் நடிகர் லியோ கரியோ தன் 1948 டவுன் அண்ட் கன்ட்ரியின் பானட்டில் கொம்புள்ள ஒரு காளைத் தலையையே பொருத்தி வைத்திருந்தார். கார் மரத்தாலானது என்பதாலோ என்னவோ, அந்தத் தலை அதில் விசித்திரமாகத் தெரியவில்லை.

கடைசி டவுன் அண்ட் கன்ட்ரி 1950இல் வந்தது, 700 மட்டும். நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் இருந்தது. அந்தக் காலத்துக்கு அது மிகப் புதுமை. மரத்தை அதில் சட்டமாகத்தான் பார்க்க முடியும், பலகை கிடையாது. அந்தப் பெயரைப் பிறகு இரும்பு வேகன்களுக்கும் மினிவேன்களுக்கும் வைத்தார்கள்.

என்ன மரம் பயன்படுத்தினார்கள்? தேக்கு ஏன் இல்லை?

சட்டத்துக்கு ஆஷ், மேப்பிள், பிர்ச். பலகைக்கு மஹாகனி வெனீர் (மெல்லிய மரத்தோல்) ஒட்டிய பிளைவுட், சிலவற்றில் பிர்ச். க்ரைஸ்லர் என்றால் ஆஷ், ஃபோர்டு என்றால் மேப்பிளும் பிர்ச்சும், பேக்கார்டு ஸ்டேஷன் செடான் என்றால் பிர்ச் என்று பொதுவாக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நம் ஊரில் நல்ல மரம் என்றால் தேக்குதான், அதனால் இந்தக் கேள்வி நிச்சயம் வரும். கார் ஓடும்போது உடம்பு முறுக்கப்படும், குலுங்கும். அதைத் தாங்க விறைப்பைவிட நெகிழ்வு முக்கியம். ஆஷ் மரத்தில் பேஸ்பால் மட்டை செய்கிறார்கள், கோடரிக்கும் மண்வெட்டிக்கும் பிடி போடுகிறார்கள். அடி வாங்கினால் சற்று வளைந்து நிமிரும், இழை நீளமாக ஓடும், திருகாணியைப் பிடித்துக்கொள்ளும். தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால் பசை ஒட்ட வைப்பதும் சிரமம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆஷும் மேப்பிளும் அவர்கள் வீட்டுக் கொல்லையில் வளர்ந்தவை.

ஒரு விஷயத்தில் தேக்குக்கு அருகில்கூட ஆஷ் வர முடியாது. ஈரம். தேக்கு மழையில் கிடந்தாலும் தாங்கும். ஆஷ் தண்ணீர் பட்டால் கறுக்கும், பிறகு உளுத்துப்போகும். உட்டிகளின் சோகம் முழுக்க இந்த ஒரு குணத்தில் அடங்கியிருக்கிறது.

கட்டைகளை எப்படி இணைத்தார்கள்?

இரண்டு வழி. கதவின் மூலைகளில் ஒரு கட்டையில் துளை, மற்றதில் அதற்குள் இறங்கும் நாக்கு. இது நம் ஆசாரிகள் கட்டில், கதவு செய்யும் அதே முறை. நீளமான வளைவுகளுக்கு ஒரே மரம் கிடைக்காது, கிடைத்தாலும் வளைவில் இழை குறுக்கே ஓடி முறியும். ஆகவே சிறு துண்டுகளை இரு கை விரல்களைக் கோத்ததுபோலக் கோத்து, பசையிட்டு, பிறகு வளைவாக இழைத்தார்கள். டவுன் அண்ட் கன்ட்ரியின் பக்கவாட்டில் உற்றுப் பார்த்தால் அந்தப் பல்வரிசை தெரியும். சிலர் அதைப் பழுது என்று நினைக்கிறார்கள். தொழிற்சாலையில் போட்டதே அதுதான், அசல் என்பதற்கு அடையாளமும் அதுதான்.

பராமரிப்பு அவ்வளவு கஷ்டமா?

ஆமாம். மரப்படகை வைத்திருப்பதுபோல. வெயில் வார்னிஷை உரிக்கும், உரிந்த இடத்தில் மழை இறங்கும். ஆகையால் ஆண்டுதோறும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, புதிதாக வார்னிஷ் பூச வேண்டும் என்பதே அன்றைய அறிவுரை. குளிர்காலத்தில் மரம் சுருங்கும், மழைக்காலத்தில் உப்பும். கதவு ஒரு மாதம் கிறீச்சிடும், அடுத்த மாதம் மூட அடம்பிடிக்கும். திருகாணிகளை அவ்வப்போது முடுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். புதுக் கார் வாங்கிய குடும்பத்துக்கு இது ஒரு வேலைதான். மூன்றாவது வருடத்தில் பாதிப் பேர் விட்டுவிட்டிருப்பார்கள் என்றால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

அப்புறம் ஏன் நின்றுபோனது?

மேலே சொன்ன கணக்கு தலைகீழானது. போருக்குப் பிறகு நகரைச் சுற்றிப் புறநகர்கள் பெருகின, வீட்டில் குழந்தைகள் பெருகின, ஸ்டேஷன் வேகன் எல்லோருக்கும் தேவைப்பட்டது. விற்பனை கூடியதும் இரும்பு அச்சுச் செலவு கட்டுப்படியானது.

லாரிச் சட்டத்தின்மேல் முழு இரும்பு வேகனாக செவ்ரலே சப்பர்பன் 1935இலேயே வந்திருந்தது. 1946இல் வில்லிஸ் நிறுவனம் ஜீப் ஸ்டேஷன் வேகனை முழுக்க இரும்பில் கொண்டுவந்தது. புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் வடிவமைத்தது. அதன் பக்கத் தகடுகளில் சட்டமும் பலகையும்போல மேடு பள்ளம் அழுத்தி, மர நிறத்தில் பெயின்ட் அடித்தார்கள். இரும்பு வந்துவிட்டது, ஆனால் ஸ்டேஷன் வேகன் என்றால் மரம் என்று கண் பழகியிருந்ததால் இரும்பு மரவேடம் போட்டது.

முடிவைத் தீர்மானித்தது 1949இல் வந்த பிளிமத் சப்பர்பன். இரண்டு கதவு, முழு இரும்பு, எளிய கார். அதே பிளிமத் கடையில் நிறைய விலை கூடிய மர வேகனும் நின்றது. இரும்பு பல மடங்கு விற்றது. செவ்ரலேயும் பான்டியாக்கும் அந்த ஆண்டின் நடுவிலேயே இரும்புக்கு மாறிவிட்டன. கடைசிவரை நின்றது பியூக். 1953 எஸ்டேட் வேகன்தான் நிஜமாகவே மரம் உடம்பாக இருந்த கடைசி அமெரிக்க உற்பத்திக் கார். அதில் ரோட்மாஸ்டர் வகை 670 மட்டும்.

எழுபதுகளின் அமெரிக்கக் கார்களிலும் மரம் தெரிகிறதே?

அது படம். மரத்தின் ரேகையை அச்சடித்த தாள், ‘டை-நாக்’ என்று பெயர். இரும்பின்மேல் ஒட்டுவது. டவுன் அண்ட் கன்ட்ரியே 1947 வாக்கில் மஹாகனிப் பலகைக்குப் பதில் இதற்கு மாறியது, ஆஷ் சட்டம் மட்டும் மரமாகத் தொடர்ந்தது. ஃபோர்டு கன்ட்ரி ஸ்குவயர் 1950இல் நிஜ மரத்தோடு பிறந்து, 1952இல் இரும்புக்கு மாறி, 1991 வரை மரப்படத்தோடு ஓடியது. நாற்பது ஆண்டு!

அந்தக் கார்களில் குழந்தைப்பருவத்தைக் கழித்த அமெரிக்கர்களுக்கு அவற்றின்மீது பாசம் உண்டு, அதை மதிக்கிறேன். ஆனால் அவற்றை உட்டி என்ற பெயரில் அழைக்க எனக்கு ஒப்பவில்லை. மரம் எடை தாங்கினால்தான் உட்டி.

கலிஃபோர்னியாவில் அலைச்சறுக்கு விளையாடுகிறவர்களோடு ஏன் இதைச் சேர்த்துப் பேசுகிறார்கள்?

விலை. 1950களின் இறுதியில் பத்துப் பன்னிரண்டு வயதான உட்டியை யாரும் சீந்தவில்லை. வார்னிஷ் உரிந்து, கதவு தொங்கி, மிக மலிவாகக் கிடந்தது. ஒன்பது, பத்தடிச் சறுக்குப் பலகையை உள்ளே நுழைக்கவும், இரவில் படுத்துத் தூங்கவும் அதைவிட நல்ல வண்டி கையில் காசில்லாத இளைஞர்களுக்குக் கிடைக்கவில்லை. கடல் உப்பும் ஈர மணலும் மரத்துக்குக் கேடுதான். இருந்தாலும் உடைப்புக் கடைக்குப் போயிருக்க வேண்டிய பல வண்டிகளை அந்தப் பையன்கள்தான் காப்பாற்றி அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார்கள்.

அமெரிக்காவுக்கு வெளியே இப்படி எதுவும் இல்லையா?

இங்கிலாந்தின் மோரிஸ் மைனர் டிராவலர். எண்ணிக்கையில் எந்த அமெரிக்க உட்டியும் இதன் பக்கத்தில் வர முடியாது. அமெரிக்காவில் மரம் முடிந்த அதே 1953இல் அது பிறந்தது. 1971 வரை இரண்டு லட்சத்துக்கும் மேல் செய்தார்கள்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மோரிஸ் மைனரின் முன்பாதி அப்படியே இரும்பு. முன்கதவுக்குப் பின்னால் ஆஷ் மரச்சட்டம், அதற்குள் அலுமினியத் தகடு. மஹாகனி ஆடம்பரமெல்லாம் இல்லை. பின்னால் இரண்டு கதவு அலமாரிபோலத் திறக்கும். மருத்துவச்சிகளும் கிராமத்துப் பாதிரியார்களும் சிறு வியாபாரிகளும் ஓட்டிய எளிய கார். அந்த மரம் அலங்காரத்துக்கு வைத்ததல்ல. கூரையின் பின்பாதியை அதுதான் தாங்குகிறது. அதனால் இங்கிலாந்தின் வருடாந்திர வாகனச் சோதனையில் மரம் உளுத்திருந்தால் கார் தேறாது. துருவுக்காகக் கார் தேறாமல் போவதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே உளுப்புக்காகத் தேறாமல் போகும்.

1960இல் வந்த மினி டிராவலரும் பார்க்க இதேபோல இருக்கும். அதில் ஆஷ் வெறும் ஒட்டு. கழற்றிப் போட்டாலும் கார் அசையாது.

இலங்கையிலோ இந்தியாவிலோ இவை உண்டா?

பெரிய அமெரிக்க உட்டிகளை நம் பக்கம் தேடுவது வீண். மோரிஸ் மைனர் கதை வேறு. இலங்கையில் அது இன்றும் ஓடும் கார், வீட்டு மனிதரைப்போலப் பார்த்துக்கொள்கிறார்கள். 1990களில் அங்கேயே மோரிஸ் மைனருக்கான தகடுகளும் உதிரிகளும் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பிய தொழிற்சாலை ஒன்று இருந்தது. இந்தியாவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களில் ‘பேபி இந்துஸ்தான்’ என்ற பெயரில் மைனரைச் செய்தது. அது செடான், மரம் கிடையாது.

ஒரு காரில் இருப்பது நிஜ மரமா, படமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சின்னக் காந்தம் போதும். பலகையில் வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் உள்ளே இரும்பு. அடுத்து கதவைத் திறந்து அதன் விளிம்பைப் பாருங்கள். சட்டத்தின் தடிமன் முழுக்க மரமாக இருக்க வேண்டும். ரேகையையும் பாருங்கள். அச்சடித்த தாளில் ஒரே சுழி, ஒரே கோடு ஒவ்வொரு பலகையிலும் திரும்ப வரும். மரத்தில் இரண்டு பலகை ஒன்றுபோல இருக்காது.

வாங்கினால் எங்கே பார்க்க வேண்டும்? பழுது பார்க்க முடியுமா?

கீழ்க்கட்டைகளைப் பாருங்கள், மேலே பளபளப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். தண்ணீர் ஓடி வந்து நிற்கும் இடம் எது? கதவின் அடிச்சட்டம், பின்கதவின் அடிச்சட்டம், டிராவலரில் தள்ளுக் கண்ணாடி ஓடும் பள்ளம். அந்தப் பள்ளத்தில் பச்சைப் பாசி முளைத்திருப்பதைக்கூடப் பார்த்திருக்கிறேன். பேனாக்கத்தி முனையால் மெல்லக் குத்திப் பாருங்கள். முனை இறங்கினால் கட்டை போய்விட்டது.

திருகாணியைச் சுற்றிக் கறுப்புக் கறை இருந்தால் பதற வேண்டாம். இரும்பும் ஈரமும் சேர்ந்து மரத்தைக் கறுக்க வைத்திருக்கும். ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் அதை வெளுக்கும். கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள், பிறகு நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவி உலர்த்துங்கள். பூச்சுக்குப் படகுக்குப் பூசும் வார்னிஷ் நல்லது, ஏழெட்டுப் பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையே தேய்ப்பு. கட்டையின் வெட்டுமுனைகளுக்கு இன்னும் ஒன்றிரண்டு கூடுதலாக, ஏனென்றால் தண்ணீரை உறிஞ்சும் வாய் அதுதான்.

என் அப்பா சொல்வார்: உளுத்த கட்டையைப் பட்டி வைத்து மூடினால், மூடினவனைத்தான் அது ஏமாற்றும். ஒரு பட்டறையில் டிராவலர் ஒன்றின் பின்தூணில் விரலளவு பட்டி அடைத்து, அதன்மேல் மர நிறம் பூசி வைத்திருந்ததைப் பார்த்தேன். மேலே கூரை அதை நம்பித்தான் நின்றது. அங்கே செய்ய வேண்டியது ஒன்றே: கெட்டதை வெட்டி எடுத்து, அதே மரத்தில் புதுத் துண்டு கோப்பது. முழுச் சட்டத்தையும் புதிதாகச் செய்து தருகிற தச்சர்கள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள்.

அந்த ஆஷ் மரம் இன்றும் கிடைக்கிறதா?

கிடைக்கிறது, முன்புபோல இல்லை. 2002இல் டெட்ராய்ட் பகுதியில், ஆம், இந்தக் கார்கள் பிறந்த அதே டெட்ராய்ட்டில், ஆசியாவிலிருந்து வந்துவிட்ட ஒரு பச்சை வண்டைக் கண்டுபிடித்தார்கள். மரகதம்போல மின்னும், அரிசிமணியைவிடச் சற்றுப் பெரியது. அதன் புழு ஆஷ் மரத்தின் பட்டைக்கு அடியில் வளைந்து வளைந்து தின்னும். மரத்துக்கு மேலே நீர் ஏறும் வழி அறுந்து, சில ஆண்டுகளில் நின்ற நிலையிலேயே பட்டுப்போகும். வட அமெரிக்காவில் இதுவரை கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் இப்படிப் போய்விட்டன. இங்கிலாந்தில் காரணம் வேறு. அங்கே 2012இல் உறுதிசெய்யப்பட்ட ஒரு பூஞ்சை நோய், இலை நுனியில் தொடங்கிக் கிளை கிளையாக மரத்தைக் காயவைக்கிறது.

பட்ட மரத்தையும் உடனே அறுத்தால் பலகை நன்றாகவே இருக்கும். விட்டுவைத்தால் ஆஷ் சீக்கிரம் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். ஆகவே இப்போது உட்டி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் காருக்கு இன்று மரவேலை தேவைப்படாவிட்டாலும், நேரான இழையுள்ள, நன்றாக உலர்ந்த ஆஷ் பலகை நாலைந்து கிடைத்தால் வாங்கி, தரையில் படாமல், இடையிடையே குச்சி கொடுத்து அடுக்கி வையுங்கள்.